24,000 பவுண்டு சம்பளம் வாங்கிய ரயில்வே சேர்மன்

சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் எஸ்டேட் மேனேஜருக்கு எவ்வளவு சம்பளம் தரலாம் என்ற பேச்சிலேயே ஒன்றரை மணி நேரம் போயிற்று. அவர் என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்ற பட்டியல் கடைசி ஐந்து நிமிடத்தில், யாரும் படிக்காமலே, நிறைவேறியது. நானும்தான் கை தூக்கினேன். வீட்டுக்கு வந்ததும் டாக்டர் ரிச்சர்டு பீச்சிங் நினைவுக்கு வந்தார். 1961இல் பிரிட்டன் முழுவதும் இவர் ஒருவரின் சம்பளத்தைப் பற்றிப் பேசித் தீர்த்தது.

கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பிக்க வேண்டும். 1933 ஜூலை 1 அன்று லண்டனின் பாதாள ரயில், டிராம், பஸ் எல்லாம் ஒரே பொது வாரியத்தின் கீழ் வந்தன. சேர்மன் ஆஷ்ஃபீல்டு பிரபுவுக்கு ஆண்டுக்கு 12,500 பவுண்டு சம்பளம். அன்றாட நிர்வாகத்தைப் பார்த்த ஃபிராங்க் பிக்குக்கு 10,000. இருவரும் அதே பாதாள ரயிலைத் தனியார் கம்பெனியாக இருந்தபோது நடத்தியவர்கள். சொத்து பொதுமக்கள் கைக்கு மாறியது, நிர்வாகிகள் மாறவில்லை. இந்தத் திட்டத்தை முதலில் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்த ஹெர்பர்ட் மாரிசன் லேபர் கட்சிக்காரர் என்பதையும் கவனிக்க வேண்டும்.

1948இல் நாட்டின் ரயில்வே முழுவதும் தேசியமயமானது. 1961 வாக்கில் தேசியமயத் துறைத் தலைவர்கள் வாங்கியது சுமார் 10,000 பவுண்டுதான். இடைப்பட்ட காலத்தில் விலைவாசி எவ்வளவோ ஏறிவிட்டது, ஆனால் 1933இல் ஆஷ்ஃபீல்டு வாங்கியதைக்கூட இவர்கள் எட்டவில்லை. அரசு வங்கியில் வேலை பார்த்த எங்களுக்கு இது புதிதல்ல. எங்கள் சேர்மன் சம்பளத்தையும் தனியார் வங்கித் தலைவர் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து கேன்டீனில் சிரித்திருக்கிறோம்.

அந்த நிலையில்தான் 1961 மார்ச் 15 அன்று போக்குவரத்து அமைச்சர் எர்னஸ்ட் மார்பிள்ஸ், ரயில்வேயின் புதிய சேர்மனை நாடாளுமன்றத்தில் அறிவித்தார். பீச்சிங் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றவர், ஐ.சி.ஐ. என்ற பெரிய ரசாயனக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். அங்கே வாங்கிய 24,000 பவுண்டை அப்படியே இங்கும் தருவது என்று ஏற்பாடு. பிரதமர் மேக்மில்லனின் சம்பளத்தைவிட இது 14,000 பவுண்டு அதிகம். எதிர்க்கட்சி கொதித்தது, பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டன. நல்ல ஆள் வேண்டுமென்றால் சந்தை விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது அரசுத் தரப்பின் வாதம்.

பழைய பழக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1962இல் ரயில்வேயின் நஷ்டம் 10 கோடி பவுண்டுக்கு மேல். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,74,000, மணிக்கு 11,400. அப்படியென்றால் பீச்சிங்கின் ஒரு வருடச் சம்பளம் ரயில்வேயின் இரண்டு மணி நேர நஷ்டம். நாடே சண்டை போட்டது அந்த இரண்டு மணி நேரத்துக்காக!

கவனித்திருக்க வேண்டிய விஷயம் அவருக்குத் தரப்பட்ட வேலை. ரயில்வே தன் காலில் நிற்க வேண்டும், நஷ்டம் ஒழிய வேண்டும் என்பதுதான் அது. ரயில் யாருக்காக ஓடுகிறது, நஷ்டம் வந்தாலும் ஓட வேண்டிய தடம் எது, அதற்குப் பணம் யார் தருவது ஆகிய கேள்விகள் அவருக்குத் தரப்படவில்லை. கேட்டதைத்தான் அவர் செய்தார். வேலை கொடுத்த அமைச்சர் மார்பிள்ஸ், சாலையும் பாலமும் கட்டும் நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தவர் என்பதும், பதவிக்கு வந்தபின் அதை விற்க வேண்டியதாயிற்று என்பதும் தனிக்கதை.

1963 மார்ச் 27 அன்று அறிக்கை வந்தது. மொத்தத் தடங்களில் மூன்றில் ஒரு பங்கு, பயணிகள் போக்குவரத்தில் நூற்றுக்கு ஒன்றைத்தான் சுமக்கிறது என்று கணக்குக் காட்டி, 2,363 நிலையங்களையும் சுமார் 5,000 மைல் தடத்தையும் மூடச் சொன்னார். எண்கள் பொய்யல்ல. ஆனால் அவற்றுக்கு அடிப்படை, 1961 ஏப்ரல் 23இல் முடிந்த ஒரே ஒரு வாரத்தின் போக்குவரத்து. கோடை விடுமுறையில் நிரம்பி வழியும் கடற்கரை ஊர்களுக்கு ஏப்ரல் மாதக் கணக்கு எப்படிப் பொருந்தும்? கிளைத் தடத்தில் ஏறியவர் பிரதான தடத்தில் மாறி நூறு மைல் போவார். கிளையை மூடினால் அவர் அந்த நூறு மைலையும் காரில் போய்விடுவார் என்பதும் கணக்கில் சரியாக வரவில்லை. வாடிக்கையாளர் இல்லை என்று கிராமக் கிளையை மூடிவிட்டு, அங்கிருந்து வந்த டெபாசிட் தலைமை அலுவலகத்தில் ஏன் குறைந்தது என்று தேடுவது போல.

அவருக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் இரண்டு சொல்லலாம். தடங்களை மூடுவது அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது. கன்டெய்னர் சரக்கு ரயில்களை முன்னெடுத்தவரும் அவர்தான், அது இன்றும் ஓடுகிறது.

ஐந்து வருடம் என்று வந்தவர் 1965இல் ஐ.சி.ஐ.க்குத் திரும்பினார், பிரபு பட்டமும் கிடைத்தது. நிலையங்கள் தொடர்ந்து மூடப்பட்டன, நஷ்டம் ஒழியவில்லை. 1968இல் வந்த போக்குவரத்துச் சட்டம், லாபம் தராவிட்டாலும் மக்களுக்குத் தேவையான தடங்களுக்கு அரசு மானியம் தரலாம் என்றது. 1961இல் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு ஏழு வருடம் கழித்து வந்த பதில்.

சில தடங்களுக்கு அதுவும் உதவவில்லை. எடின்பரோவிலிருந்து தெற்கே கார்லைல் வரை போன வேவர்லி தடத்தை 1969 ஜனவரியில் மூடினார்கள். அதில் வடக்குப் பக்கம் சுமார் 30 மைலை மட்டும், பெரும் செலவில் புதிதாகத் தண்டவாளம் போட்டு, 2015 செப்டம்பரில் மீண்டும் திறந்தார்கள். ட்வீட்பேங்க்கோடு ரயில் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் இருக்கும் ஹாயிக் ஊர்க்காரர்கள் இன்னும் பஸ்ஸில்தான் போகிறார்கள்.