எட்டில் உடைந்த கணக்கு

எங்கள் வருசநாட்டு மலையை ஒட்டித் தெற்கே போய்க்கொண்டே இருந்தால் குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லம் வரும். கணித மேதை எஸ்.எஸ். பிள்ளை 1901இல் பிறந்த ஊர். ஒரு வயதில் தாயை இழந்தவர்; பள்ளி நாளிலேயே அப்பாவும் போய்விட்டார். செங்கோட்டைப் பள்ளியில் சாஸ்திரியார் என்ற வாத்தியார்தான் தன் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்துப் படிக்கவைத்தார். இலவங்காய் சீசனில் வேலைக்குப் போய் அப்படியே படிப்பை விட்ட பிள்ளைகளை இங்கே பார்த்தவள் நான். பிள்ளையின் கதையில் அந்த வாத்தியாரைத்தான் முதலில் கும்பிடத் தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் கணக்குக்காரர்களுக்கு ஒரு நல்ல வழக்கம் இருந்தது. துணை கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர் 1907இல் தொடங்கிய இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில், விடை தேடுகிறவர் தன் கேள்வியை அச்சில் போடுவார், தெரிந்தவர் எழுதுவார். ராமானுஜனின் கேள்விகள் 1911 முதல் அதில்தான் வந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த பிள்ளை 1930இல் அதே இதழில் ஒரு கேள்வி போட்டார்.

1 முதல் ஓர் எண் வரை வரிசையாகப் பெருக்கி, 1 கூட்டுங்கள். வரும் தொகையை மீதியில்லாமல் வகுக்கிற பகா எண் ஒவ்வொன்றும், முதலில் எடுத்த எண்ணால் வகுத்தால் மீதி 1 தருமா?

என் பத்தாம் வகுப்புக்கு மட்டு எண்கணிதம் நடத்தும்போது இதைத்தான் கரும்பலகையில் எழுதுவேன். ஐந்துக்கு 121; அது 11×11; 11ஐ 5ஆல் வகுத்தால் மீதி 1. ஆறுக்கு 721, 7×103, இரண்டுமே மீதி 1. ஏழுக்கு 5041, 71×71, சரிதான். பிள்ளைகளுக்கு நம்பிக்கை வந்துவிடும். எட்டுக்கு 40,321. அது 61×661. 61ஐ 8ஆல் வகுத்தால் மீதி 5. 661க்கும் 5தான்!

பிள்ளைக்கு விடை சொன்னவர் சர்வதமன் சௌலா. அவர் காட்டியது 14. அதற்கு வரும் தொகை 8,717 கோடியே 82 லட்சத்து 91 ஆயிரத்து 201. அதை வகுக்கும் பகா எண்கள் இரண்டே: 23, பிறகு 379 கோடியே 3 லட்சத்து 60 ஆயிரத்து 487. பதினான்கால் வகுத்தால் 23 மீதி 9 தருகிறது, அந்தப் பெரிய எண் 11 தருகிறது. கம்ப்யூட்டர் இல்லாத நாளில் 23ஐ அங்கே கண்டுகொண்ட கண் எப்படிப்பட்டது!

இப்படி மீறும் பகா எண்களுக்குப் பிள்ளை பகா எண்கள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. 23, 29, 59, 61 என்று வரிசை போகிறது. அவை முடிவில்லாமல் உண்டு என்பதை எம்.வி. சுப்பாராவும் ஜி.இ. ஹார்டியும் (ராமானுஜனின் ஹார்டி வேறு) 2002இல் எழுதிய கட்டுரை நிறுவியது. மொத்தப் பகா எண்களில் அவற்றின் பங்கு எவ்வளவு என்று இன்னும் யாரும் நிறுவவில்லை.

உலகக் கணித மாநாட்டுக்காக அமெரிக்கா புறப்பட்ட பிள்ளை, 1950 ஆகஸ்ட் 31இல் கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் இறந்தார். 49 வயது.

எட்டோடு மணி அடித்துவிட்டால் ஒன்பதை வீட்டுக் கணக்காகக் கொடுத்துவிடுவேன். 3,62,881 என்பது 19×71×269. ஏழில் சொன்னபடி நடந்த அதே 71, ஒன்பதில் மீதி 8 தந்து மீறுகிறது.