சென்னையும் மணல் ஈ இனங்காணலும்

மணல் ஈ என்பது இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ள, உடலெங்கும் மயிர் அடர்ந்த, இரத்தம் உறிஞ்சும் பூச்சி. கொசுவைவிடச் சிறியது. அமரும்போது இறகுகளை மடக்காமல் மேல்நோக்கி விரித்து வைத்திருக்கும். மாட்டுத் தொழுவம், மண்சுவர் வெடிப்பு போன்ற ஈரமான இருட்டிடங்களில் பகலில் ஒதுங்கும். கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசாரை இந்தியாவில் பரப்புவது இதன் ஓர் இனமே.

நோயும் தவறான பூச்சியும்

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் சார்லஸ் டோனவன், 1903 சூன் 17 அன்று ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து எடுத்த இரத்தத்தில் நோய்க்கிருமியைக் கண்டார். லெயிஷ்மன் என்பவரும் அதே கிருமியைத் தனியே கண்டிருந்தார். எனவே ரொனால்டு ராஸ் அதற்கு லெயிஷ்மானியா டோனவானி என்று பெயரிட்டார். ஆனால் அதைச் சுமப்பது எது என்பது தெரியவில்லை. சென்னையில் ஆய்வு செய்த பேட்டன் 1907இல் மூட்டைப்பூச்சியின் மேல் ஐயம் கொண்டார். அந்தத் தடம் பல ஆண்டுகளை விழுங்கியது.

வெள்ளிக்கால் ஈ

கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் ஆனண்டேலும் புருனெட்டியும் 1908இல் ஃபிளெபோட்டோமஸ் அர்ஜென்டிபஸ் என்னும் இனத்தை விவரித்தனர். அப்பெயருக்கு வெள்ளிக்கால் என்று பொருள். நிறமும் இறகு நரம்புகளும் மட்டும் பார்த்தால் பல இனங்கள் ஒன்றுபோலவே தோன்றும். மயிர் உதிர்ந்த மாதிரியில் நிறமும் உதவாது.

1920களில் வழி மாறியது. ஆட்லரும் தியோடரும் பிற நாட்டு இனங்களிலும், சிண்டன் இந்திய இனங்களிலும் உள்ளுறுப்புகளை ஆராய்ந்தனர். பெண் ஈயின் தொண்டைப் பற்களும் விந்துப்பையும், ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பும் இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன. இவற்றைக் காண ஈயைக் காரக்கரைசலில் ஊறவைத்துத் தசையைக் கரைத்து, தலையையும் வால் நுனியையும் பிரித்து, கண்ணாடிச் சில்லில் பதித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

விளைவு

இனம் தெளிவானதும் வரைபடம் பேசியது. காலா அசார் உள்ள பகுதிகளும் அர்ஜென்டிபஸ் வாழும் பகுதிகளும் ஒத்துப்போவதை 1924இல் சிண்டன் சுட்டினார். அதே ஆண்டு நோல்ஸ், நேப்பியர், சிமித் ஆகியோர் அந்த ஈயின் குடலில் கிருமி வளர்வதைக் கண்டனர். 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் ஈக்கடியால் மனிதருக்கு நோய் தொற்றுவதை மெய்ப்பித்தனர். டோனவனின் கண்டுபிடிப்பிலிருந்து இதற்கு 39 ஆண்டுகள் ஆயின.

ஒன்றுக்குள் மூன்று

அர்ஜென்டிபஸ் என்ற பெயருக்குள்ளும் வேறுபாடு மறைந்திருந்தது. இந்திய விலங்கியல் அளவாய்வின் சென்னை மண்டல நிலையத்தைச் சேர்ந்த கே. இளங்கோ, 2010இல் வெளியிட்ட மறுஆய்வில் இதை அர்ஜென்டிபஸ், ஆனண்டேலி, கிளாக்கஸ் என மூன்று இனங்களாகப் பிரித்தார். உணர்கொம்பில் உள்ள உணர்மயிரின் நீளம் போன்ற நுண்ணிய அளவுகள் இப்பிரிவுக்குப் பயன்பட்டன.

ஒரே தொழுவத்தில் பிடிபட்ட ஈக்கள் எல்லாம் நோயைச் சுமப்பவை அல்ல. சில மனிதரை நாடும், சில மாட்டோடு நின்றுவிடும். மருந்து எங்கே அடிக்க வேண்டும், எந்த ஊரைக் கண்காணிக்க வேண்டும் என்ற முடிவுகள் இந்த வேறுபாட்டைப் பொறுத்தவை. எனவே பிடித்த இடமும் நாளும் எழுதிய சீட்டுடன் காக்கப்படும் பழைய மாதிரிகள், புதிய கேள்வி எழும்போதெல்லாம் மீண்டும் நுண்ணோக்கியின் கீழ் வருகின்றன.