குகேஷ் – அப்துசத்தோரோவ் சதுரங்க ஆட்டம் (மாமல்லபுரம், 2022)

மாமல்லபுரத்தில் நடைபெற்ற 44ஆவது செஸ் ஒலிம்பியாட்டின் 10ஆவது சுற்றில், 2022 ஆகஸ்ட் 8 அன்று, இந்திய 'பி' அணியின் டி. குகேஷும் உஸ்பெகிஸ்தானின் நோதிர்பெக் அப்துசத்தோரோவும் முதல் பலகையில் மோதினர். வெள்ளைக் காய்களுடன் ஆடிய குகேஷ் வெற்றி பெறும் நிலையை எட்டியிருந்தார். பின்னர் கடிகாரம் நெருக்க, பிடி நழுவி, ஆட்டத்தையே இழந்தார். பதக்கப் பட்டியலின் மேல்வரிசையைத் தீர்மானித்த ஆட்டங்களுள் இதுவும் ஒன்று. ஓர் ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் அதை எப்படி எடைபோடுகிறார்கள், எதை எடைபோட மறக்கிறார்கள் என்பதற்கும் இது நல்ல சான்று.

பின்னணி

ரஷ்யாவில் நடைபெற வேண்டிய இந்த ஒலிம்பியாட், உக்ரைன் போரை ஒட்டி அங்கிருந்து மாற்றப்பட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தொடக்க விழா நடந்தது. ஆட்டங்கள் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடைபெற்றன. வேட்டி கட்டிய குதிரையான 'தம்பி' போட்டியின் சின்னம். சென்னை நேப்பியர் பாலம் சதுரங்கக் கட்டங்களாகத் தீட்டப்பட்டதும் அப்போதுதான்.

இந்திய 'பி' அணியில் குகேஷ், நிகால் சரின், ஆர். பிரக்ஞானந்தா, பி. அதிபன், ரௌனக் சாத்வானி ஆகிய ஐவர் இருந்தனர். பயிற்சியாளர் ஆர். பி. ரமேஷ். குகேஷுக்கு அப்போது வயது 16. முதல் எட்டுச் சுற்றுகளிலும் அவர் தொடர்ந்து வென்றார். எட்டாவது சுற்றில் அமெரிக்காவின் ஃபாபியானோ கருவானாவை வீழ்த்தினார். அந்தச் சுற்றில் இந்திய 'பி' அணி அமெரிக்காவை 3–1 என்று வென்றது.

எதிரே அமர்ந்த அப்துசத்தோரோவுக்கு வயது 17. முந்தைய டிசம்பரில்தான் வார்சாவில் உலக ரேபிட் சாம்பியன் பட்டத்தை வென்றிருந்தார். ஒன்பது சுற்றுகளின் முடிவில் உஸ்பெகிஸ்தான் 16 புள்ளிகளுடனும் இந்திய 'பி' அணி 15 புள்ளிகளுடனும் இருந்தன. ஓர் அணி வென்றால் 2 புள்ளி, சமன் செய்தால் 1 புள்ளி. இந்தச் சுற்றை வென்றால் இந்திய இளைஞர்கள் 17 புள்ளியுடன் உஸ்பெகிஸ்தானை முந்திவிடலாம் என்பதே அன்றைய நிலை.

ஆட்டமும் முடிவும்

நடு ஆட்டத்தில் குகேஷின் கை தெளிவாக ஓங்கியது. ஆனால் வெற்றியை முடித்துவைக்கும் வழி கிடைக்காமல் ஆட்டம் நீண்டது. அனுகூலம் கரைந்து சமநிலை வந்த பிறகும் குகேஷ் வெற்றிக்கே முயன்றார். நேரம் மிகக் குறைந்திருந்த கட்டத்தில் பெரிய தவறு ஒன்று நேர்ந்தது. அதன்பின் மீட்க வழியில்லை. ஆட்டம் முடிந்த பின்னும் அவர் தலை கவிழ்ந்து அமர்ந்திருந்த காட்சி பலர் நினைவில் நிற்கிறது.

மற்ற பலகைகளில் பிரக்ஞானந்தா ஜவோகிர் சிந்தாரோவை வென்றார். நிகால் சரினும் சாத்வானியும் டிரா செய்தனர். ஆக, சுற்று 2–2 என்று சமனில் முடிந்தது. குகேஷ் டிரா செய்திருந்தால்கூட அணி 2½–1½ என்று வென்றிருக்கும்.

மறுநாள் கடைசிச் சுற்றில் இந்திய 'பி' அணி ஜெர்மனியை 3–1 என்று வென்றது. உஸ்பெகிஸ்தானும் அர்மீனியாவும் தலா 19 புள்ளி பெற்றன. சமன்முறிவு விதிப்படி உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், அர்மீனியாவுக்கு வெள்ளி. 18 புள்ளி பெற்ற இந்திய 'பி' அணிக்கு வெண்கலம். 11 ஆட்டங்களில் 9 புள்ளி எடுத்த குகேஷ் முதல் பலகைக்கான தனிநபர் தங்கத்தைப் பெற்றார்.

நேர நெருக்கடி என்பது என்ன?

சதுரங்கத்தில் கடிகாரம் பிற்காலத்தில் வந்தது. 1851 லண்டன் போட்டியில் நேரக் கட்டுப்பாடே இல்லை. ஒரே நகர்த்தலுக்கு நெடுநேரம் யோசித்து எதிராளியைச் சோர்வடையச் செய்ய முடிந்தது. 1861இல் ஆண்டர்சன் – கோலிஷ் போட்டியில் மணற்கடிகாரம் பயன்பட்டது. 1883 லண்டன் போட்டியில் இரட்டைக் கடிகாரம் அறிமுகமானது. நகர்த்தியவுடன் கூடுதல் வினாடிகள் சேரும் முறையைப் பாபி ஃபிஷர் வகுத்தார். 1992இல் ஸ்பாஸ்கியுடன் அவர் ஆடிய போட்டியில் அது பயன்படுத்தப்பட்டது.

மாமல்லபுரத்தில் முதல் 40 நகர்த்தல்களுக்கு ஒவ்வொருவருக்கும் 90 நிமிடம். பிறகு மீதி ஆட்டம் முழுமைக்கும் 30 நிமிடம். இத்துடன் முதல் நகர்த்தலிலிருந்தே ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 வினாடி சேரும். ஆட்டம் நீண்டு கையிருப்பு நேரம் தீர்ந்துவிட்டால், அந்த 30 வினாடியில்தான் ஆட்டக்காரர் வாழ வேண்டும். அதற்குள் எதிராளியின் நகர்த்தலைப் புரிந்துகொண்டு, தன் நகர்த்தலைத் தேர்ந்து, காயை வைத்து, கடிகாரத்தை அழுத்தி, தாளிலும் குறித்தாக வேண்டும். 30 வினாடி சேரும் ஆட்டங்களில் நேரம் எவ்வளவு குறைந்தாலும் நகர்த்தலைக் குறிப்பதிலிருந்து விலக்கு இல்லை. தொட்ட காயை நகர்த்தியே தீர வேண்டும். இவ்வளவும் ஐந்து மணி நேரம் ஆடிக் களைத்த பிறகு!

பார்வையாளர்களின் பகுப்பாய்வு

முற்காலத்தில் பார்வையாளருக்கும் ஆட்டக்காரருக்கும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம்தான் இருந்தது. அரங்கில் மாட்டப்பட்ட பெரிய காட்சிப் பலகையைப் பார்த்து, இருப்பவர்களுள் தேர்ந்தவர் ஒருவர் விளக்குவார். சென்னையில் 1972இல் சோவியத் கலாச்சார மையத்தில் மிகைல் தால் பெயரில் சதுரங்கக் கழகம் அமைந்தது. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோன் அதை வளர்த்தவர். சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் அங்குதான் ஆடிப் பழகினார். ஊர்ப்புறத்தில் இருந்தவர்கள் மறுநாள் செய்தித்தாளில் வரும் நகர்த்தல்களைப் பலகையில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு கிராண்ட்மாஸ்டரின் தவறைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு வாரம்கூட ஆகலாம்.

இன்று கணினி நிரல் அந்தத் தவறை நொடியில் காட்டுகிறது. திரையின் ஓரத்தில் உள்ள மதிப்பீட்டுப் பட்டை வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே ஏறி இறங்கும். சதுரங்கம் அதிகம் தெரியாதவரும் யார் வெல்கிறார் என்று சொல்லிவிடலாம். பார்வையாளர் கூட்டம் பெருகியதற்கு இது பெரிய காரணம். ஆனால் ஆட்டக்காரருக்கு அந்தப் பட்டை தெரியாது. எந்த நகர்த்தலில் ஆட்டத்தின் தலைவிதி இருக்கிறது என்று அவருக்கு யாரும் மணியடித்துச் சொல்வதில்லை.

அன்று மாலை ஆம்பூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு கைபேசியைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்திருந்தோம். பட்டை சரிந்தபோது, "இதைக்கூடவா பார்க்கலை" என்று எல்லோரும் ஒரே குரலில் அலுத்துக்கொண்டோம். நானும்தான். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்யும் என் பழைய மாணவர் மட்டும், "சார், காயைப் பார்க்காதீங்க, மணியைப் பாருங்க" என்றார். மணிக்கு இத்தனை ஜோடி என்ற கணக்கில் கை ஓடும்போது ஊசி எங்கே தவறும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடைத்தாள் திருத்திய எனக்கு அது உறைத்தது. விடைக்குறிப்பைக் கையில் வைத்திருப்பவருக்கு மாணவரின் பிழை உடனே தெரியும். கடைசிப் பத்து நிமிடத்தில் எழுதப்பட்ட விடையா, முதல் பத்து நிமிடத்தில் எழுதப்பட்ட விடையா என்பது தாளில் தெரியாது. கணினி நிரலும் ஒரு விடைக்குறிப்புதான். அது சரியான விடையைச் சொல்லும். அந்த நேரத்தில் அந்த விடையைக் காண முடியுமா என்பதைச் சொல்லாது.

சிங்கப்பூர், 2024

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே குகேஷ் கடிகாரத்தின் மறுபக்கத்தில் அமர்ந்தார். சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் 13 ஆட்டங்களின் முடிவில் அவரும் சீனாவின் டிங் லிரெனும் 6½–6½ என்று சமமாக இருந்தனர். 2024 டிசம்பர் 12 அன்று நடந்த 14ஆவது ஆட்டத்தில் குகேஷுக்குக் கறுப்புக் காய்கள். ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் ஆட்டம் டிராவில் முடியும் என்றே பார்வையாளர்கள் நம்பினர். மறுநாள் நடக்கவிருந்த சமன்முறிவு ஆட்டங்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டனர். குகேஷ் அமைதியாக ஆடிக்கொண்டே இருந்தார். அவர் கடிகாரத்தில் டிங்கைவிட மிகுந்த நேரம் மீதம் இருந்தது.

55ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்கு நகர்த்தி யானைகளை வெட்டிக்கொள்ள வழிவிட்டார். அவருடைய மந்திரி மூலையில் நின்றது. யானைகள் போனதும் மந்திரிகளையும் கட்டாயமாக வெட்டிக்கொள்ள வைக்க முடிந்தது. எஞ்சிய ராஜா – சிப்பாய் முடிவாட்டம் கறுப்புக்கு உறுதியான வெற்றி. 58ஆவது நகர்த்தலில் டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார்.

பார்வையாளர் திரையில் அந்தப் பிழை உடனே சிவந்தது. ஆனால் எதிரே இருந்த குகேஷே முதலில் அதைக் கவனிக்கவில்லை என்றும், வேறு நகர்த்தலை ஆடவிருந்ததாகவும் பின்னர் சொன்னார். முன்னாள் உலகச் சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக் இப்படி ஒரு பிழையில் பட்டம் முடிவானதைக் கடுமையாக விமர்சித்தார். மூன்று வாரப் போட்டியின் களைப்பும் கடிகார நெருக்கடியும் சேர்ந்த இடத்தில் அந்தப் பிழை பிறந்தது என்பதையும் சேர்த்தே அதை மதிப்பிட வேண்டும்.

மதிப்பீடு

மாமல்லபுரத் தோல்வியை 'கையில் இருந்த தங்கத்தை விட்டவர்' என்றும், சிங்கப்பூர் வெற்றியை 'எதிராளி தந்த பரிசு' என்றும் சொல்வது எளிது. இரண்டும் முழு உண்மை அல்ல. முதலாவதில் குகேஷ் டிராவை நோக்கி ஒதுங்காமல் அழுத்தியதால் தோற்றார். இரண்டாவதில் அதேபோல் ஒதுங்காமல் அழுத்தியதால் எதிராளிக்குப் பிழை செய்யும் வாய்ப்பு ஏற்பட்டது. குணம் ஒன்றுதான். கடிகாரம் யார் பக்கம் இருந்தது என்பதே வேறுபாடு.

இடையில் இன்னொரு செய்தியும் உண்டு. 2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் நகரில் நடந்த 45ஆவது ஒலிம்பியாட்டில் இந்தியா ஓப்பன் பிரிவில் 22க்கு 21 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றது. இந்தியா சமன் செய்த ஒரே சுற்று உஸ்பெகிஸ்தானுடன். அதில் முதல் பலகையில் குகேஷும் அப்துசத்தோரோவும் மீண்டும் மோதி டிரா செய்தனர்.

மாணவர்கள் பெரிய ஆட்டங்களைப் படிக்கும்போது நகர்த்தல்களோடு ஒவ்வொருவரிடமும் மீதமிருந்த நேரத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்வது நல்லது. இன்றைய இணையப் பதிவுகள் பலவற்றில் அந்த விவரம் கிடைக்கிறது. கணினி நிரலைத் திறப்பதற்கு முன், கடிகாரத்தில் 30 வினாடி வைத்து அதே நிலையில் தாமே ஒரு நகர்த்தலைத் தேர்ந்து பார்க்கலாம். அதன்பின் ஒரு கிராண்ட்மாஸ்டரின் பிழையைப் பார்த்துச் சிரிப்பது அவ்வளவு எளிதாக இருக்காது.