கற்றோரை வெளியேற்றிய ஆணைத்தாள்

கற்றவனுக்குப் போகுமிடமெல்லாம் மதிப்புண்டு என்று சொல்லியே நம் பெற்றோர் நம்மை வளர்த்தனர். அந்த நம்பிக்கையைத் துணையாகக் கொண்டே நாமும் ஊரையும் உறவையும் விட்டு, மொழி அறியாத நகரங்களில் வேலையேற்று வந்தோம். ஆனால் கல்வியில் தலைசிறந்து விளங்கியோரையே, அவர்தம் பாட்டனும் பாட்டியும் எச்சமயத்தினர் என்று கேட்டு வெளியேற்றிய நாடு ஒன்று இருபதாம் நூற்றாண்டில் இருந்தது. அதுவே ஹிட்லரின் ஜெர்மனி.

சமயத்தின் பெயரால் அறிஞர்கள் துன்புற்றது வரலாற்றில் புதிதன்று. முற்காலத்தில் அது வாளாலும் நெருப்பாலும் நடந்தது; 1933இல் ஜெர்மனியிலோ முதலில் மையாலும் தாளாலும் நடந்தது. கோப்புகளுக்கிடையே நாளைக் கழிக்கும் நம் போன்ற அலுவலர் அதனை ஊன்றி நோக்குதல் நன்று.

சட்டம் வந்த விதம்

1933 ஜனவரி 30ஆம் நாள் ஹிட்லர் ஆட்சிப் பொறுப்பேற்றார். ஏப்ரல் 7ஆம் நாளே, தொழில்முறை அரசுப் பணியைச் சீரமைக்கும் சட்டம் என்னும் பெயரில் ஒரு சட்டம் பிறந்தது. பெயரைக் கேட்டால் ஏதோ நிர்வாகச் சீர்திருத்தம் என்றே தோன்றும். ஆரியர் அல்லாதார் அரசுப் பணியினின்று ஓய்வளிக்கப்படுவர் என்பதே அதன் உள்ளுறை. பாட்டன் பாட்டியருள் ஒருவர் யூதராயினும் போதும், அவர் ஆரியர் அல்லர் என்று நான்கு நாள்களில் விதி வகுத்தனர். ஜெர்மனியில் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அரசு ஊழியர்களே. ஆதலால் அச்சட்டம் நேரே வகுப்பறைக்குள் நுழைந்தது. மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவராகக்கூட இல்லாத யூதர், அந்நாட்டின் அறிவியலுக்கும் கணிதத்துக்கும் மருத்துவத்துக்கும் தூண்களாக நின்றவர்கள். முதற்சில ஆண்டுகளிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிஞர்கள் பதவியிழந்தனர்.

சட்டத்தில் விதிவிலக்கும் இருந்தது. முதல் உலகப் போரில் போர்முனையில் நின்றோர், அப்போரில் தந்தையையோ மகனையோ இழந்தோர், 1914 ஆகஸ்டு முதலே பணியில் இருந்தோர் நீடிக்கலாம் என்றனர். பலர் அதை நம்பி அமைதியுற்றனர். 1935இல் அவ்விலக்கும் பறிபோயிற்று.

கோட்டிங்கன் நகரில்

கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் உலகமே போற்றிய இடம் கோட்டிங்கன் பல்கலைக்கழகம். அங்கே இருந்த மாக்ஸ் பார்ன், குவாண்டம் இயக்கவியலை உருவாக்கியோருள் ஒருவர். தம் பெயர் நீக்கப்பட்டோர் பட்டியலில் இருப்பதை அவர் செய்தித்தாளைப் பார்த்தே அறிந்தார். எம்மி நோய்தர் அம்மையார் நவீன இயற்கணிதத்துக்கு அடித்தளமிட்ட மேதை. அவரும் விலக்கப்பட்டார்; ஆயினும் மாணவரைத் தம் இல்லத்துக்கு வரவழைத்துப் பாடம் நடத்தினார். பின் அமெரிக்கா சென்று, 1935இல் அங்கேயே மறைந்தார்.

நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் பிராங்க் போர்முனையில் நின்றவர். விதிவிலக்கு அவருக்கு உண்டு. தம்மவர் துரத்தப்படும்போது தாம் மட்டும் சலுகையில் அமர்ந்திருக்க மனம் ஒவ்வாமல், ஏப்ரல் 17ஆம் நாள் பதவி விலகினார். உடன் பணியாற்றியோர் என்ன செய்தனர்? அவரது விலகல் நாட்டுக்குக் கேடு என்று கண்டித்து 42 ஆசிரியர்கள் கையொப்பமிட்டு அறிக்கை வெளியிட்டனர். சட்டத்தைக் காட்டிலும் அந்த 42 கையொப்பங்களே நம் நெஞ்சைச் சுடுகின்றன.

வேதியியல் அறிஞர் ஃபிரிட்ஸ் ஹேபர் இளமையிலேயே கிறித்தவம் தழுவியவர். போரில் நச்சுவாயுப் பணியை நடத்தி, நாட்டுக்காக உலகப் பழியையும் சுமந்தவர். தம் நிறுவனத்தின் யூத ஊழியரை நீக்குமாறு பணித்தபோது அவரும் பதவி விலகினார். 1934 ஜனவரியில் அயல்நாட்டில் இறந்தார். ஓராண்டு கழித்து மாக்ஸ் பிளாங்க் நினைவுக் கூட்டம் கூட்டினார். அரசு ஊழியர் எவரும் செல்லலாகாது என்று ஆணை வந்தது. பேராசிரியர் சிலரின் மனைவியர், கணவர்க்கு மாற்றாகத் தாமே வந்து அமர்ந்தனர். இருண்ட காலத்தில் அதுவும் ஒரு சிறு விளக்கன்றோ!

நம் மண்ணில் நிகழ்ந்தது

இவ்வரலாறு நம் நாட்டையும் தொடுகிறது. திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. இராமன், நம்மைப் போலவே மைய அரசின் அலுவலில், நிதித்துறையில், பத்தாண்டுகள் இருந்தவர். 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரான அவர், பார்னை அழைத்தார். 1935-36 குளிர்காலத்தில் பார்ன் அங்கே தங்கிப் பாடம் நடத்தினார். அவரை நிலையான பேராசிரியராக்க இராமன் முயன்றார். சொந்த நாடே துரத்திய இரண்டாந்தர அயலான் நமக்கெதற்கு என்று ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் கூட்டத்தில் எதிர்த்தாராம். அன்று வீடு திரும்பித் தாம் அழுததைப் பார்ன் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். பின் அவர் எடின்பரோ சென்றார். 1954இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. இழந்தது நாம்.

அவர்க்கேனும் போக்கிடம் இருந்தது. பான் நகரின் கணித மேதை ஃபீலிக்ஸ் ஹவுஸ்டார்ஃப், முகாமுக்குக் கொண்டு செல்லப்படும் நிலையில், 1942 ஜனவரியில் மனைவியுடனும் மனைவியின் சகோதரியுடனும் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். ஆணைத்தாளில் தொடங்கிய கொடுமை அவ்விடத்தில் வந்து முடிந்தது.

நாம் வாழும் ஊர்களில் நாமும் சிலரே. ஆயினும் நம் வேலை நிலைக்கப் பாட்டியின் சமயச் சான்றைக் கொண்டுவா என்று எவரும் நம்மைக் கேட்டதில்லை. அரசுப் பணியில் சமயங் காரணமாக வேற்றுமை காட்டலாகாது என்று நம் அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு காக்கிறது. ஆனால் சட்டம் தானே நடவாது. அதை நடத்துவன நம் போன்றோர் கைகளே. அன்று ஜெர்மனியிலும் பட்டியலைத் தட்டெழுத்தில் அடித்தவர், கோப்பில் குறிப்பெழுதி மேலே அனுப்பியவர், ஒழிந்த நாற்காலியில் ஓசையின்றி அமர்ந்தவர் என எல்லோரும் குடும்பங்கொண்ட எளிய மனிதர்களே. நம் மேசைக்கும் ஒருநாள் அத்தகைய தாள் வருமாயின், அந்த 42 பேரோடு நாமும் கையொப்பமிடுவோமா, பிராங்கைப் போல் எழுந்து நிற்போமா என்பதை, வருமுன்னரே நெஞ்சைக் கேட்டு வைத்துக்கொள்வோம்.