78 நிமிடங்கள் நின்றுபோன இதயம்

2012 மார்ச் 17, சனிக்கிழமை மாலை. இலண்டன் வைட் ஹார்ட் லேன் மைதானத்தில் எஃப்.ஏ. கிண்ணக் காலிறுதி. டொட்டன்ஹாமும் பொல்டனும் 1-1 என்று சமநிலையில். முதற்பாதி முடியச் சில நிமிடங்களே இருந்தன. அப்போது பொல்டனின் நடுக்கள வீரர் பெப்ரிஸ் முவாம்பா, யாரும் மோதாமலே சரிந்து முகங்குப்புற விழுந்தார். வயது 23.

நம்மூரில் பந்து பார்க்கும் பலருக்கும் இந்தச் சம்பவம் ஞாபகம் இருக்கும். அதே ஆண்டில் அவர் ‘ஐம் ஸ்டில் ஸ்டாண்டிங்’ என்று ஒரு சுயசரிதை எழுதியதைத்தான் நம்மில் பலர் அறியவில்லை. ‘நான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்’ என்பது அதன் பொருள்.

முவாம்பா பிறந்தது கொங்கோவின் கின்ஷாசாவில், 1988இல். அரசியல் நெருக்கடியால் தகப்பன் முதலில் இங்கிலாந்துக்குத் தப்பிப் போனார். குடும்பம் போய்ச் சேர்ந்தது 1999இல். 11 வயதில் ஆங்கிலம் தெரியாமல் ஒரு வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்த பிள்ளை, பிறகு ஆங்கிலம், பிரெஞ்சு, கணிதம் மூன்றிலும் உயர்தரம் சித்தியடைந்தது. அத்தோடு ஆர்சனலின் இளையோர் அணி, பேர்மிங்ஹாம், பொல்டன், இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணி. ஆசிரியர்களாகிய நமக்கு இந்தப் பகுதியே போதும். ஆனால் கதை இங்கே நிற்கவில்லை.

அன்று அவருக்கு வந்தது நாம் சாதாரணமாகச் சொல்லும் மாரடைப்பு அல்ல. மாரடைப்பில் இதயத்துக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபடும். இங்கே இதயத்தின் மின்னோட்டமே குழம்பி, துடிக்க வேண்டிய இதயம் வெறுமனே நடுங்கியது. இரத்தம் ஓடாது, மூளைக்கு ஒட்சிசன் போகாது. உதவியில்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் பத்தில் ஒரு பங்களவு போய்விடும்.

இரு கழகங்களின் மருத்துவக் குழுக்களும் உடனே ஓடி வந்து நெஞ்சை அழுத்தத் தொடங்கின. பார்வையாளர் வரிசையில் அண்ணன் தம்பிமாரோடு ஆட்டம் பார்க்க வந்திருந்த ஒருவர், காவலாளியிடம் கேட்டுக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கினார். அவர் இதயநோய் நிபுணர் அண்ட்ரூ டீனர். பக்கத்து வைத்தியசாலைக்கு வேண்டாம், இதய சிகிச்சைக்கென்றே உள்ள இலண்டன் செஸ்ட் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள் என்றார். வைத்தியசாலை போய்ச் சேர 48 நிமிடம். அங்கே இன்னும் 30 நிமிடம். மொத்தம் 15 தடவை மின்னதிர்ச்சி. 78 நிமிடங்களின் பின்னர்தான் இதயம் தானாகத் துடித்தது. அவ்வளவு நேரமும் யாரோ ஒருவருடைய கைகள் அவருடைய நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தன.

நோயை வென்ற வீரர்களின் புத்தகங்களில் மனவுறுதிதான் வழமையாக நாயகன். இங்கே அப்படிச் சொல்ல முடியாது. புத்தகத்தின் முக்கியமான 78 நிமிடங்களில் எழுதியவர் எதுவுமே செய்யவில்லை, மயங்கிக் கிடந்தார். உலகம் முழுக்க அவருக்காகப் பிரார்த்தித்தார்கள். அதைச் சிறிதாக நாம் நினைக்கவில்லை. ஆனால் பிரார்த்தித்தவர்களோடு, பயிற்சி பெற்ற கைகளும் அங்கே இருந்தன.

அவர் மைதானத்துக்குத் திரும்பவும் இல்லை. நெஞ்சுக்குள் ஒரு கருவி பொருத்தப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் 15இல், 24 வயதில் ஓய்வை அறிவித்தார். இத்தனை வருட உழைப்பும் ஒரு மாலையில் முடிந்துபோனது சின்ன இழப்பல்ல. பிறகு ஸ்டஃபர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு ஊடகவியல் படித்துப் பட்டம் பெற்றார்.

எல்லோருக்கும் இப்படி வாய்க்கவில்லை. 2003 ஜூன் 26, பிரான்ஸின் லியோன் நகரில் கெமரூனின் மார்க் விவியன் ஃபோ ஆட்டத்தின் 72ஆவது நிமிடத்தில் விழுந்தார். வயது 28. எழும்பவில்லை. முவாம்பா வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியது 2012 ஏப்ரல் 16. அதற்கு இரண்டே நாள் முன்னர், இத்தாலியின் பெஸ்காரா மைதானத்தில் 25 வயது பியர்மாரியோ மொரோசினி விழுந்து இறந்தார். அங்கே அம்பியூலன்ஸ் உள்ளே வரும் வழியில் ஒரு வாகனம் நிறுத்தப்பட்டிருந்தது.

முவாம்பாவின் சம்பவத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் சிறிய கழகங்களுக்கும் மின்னதிர்ச்சிக் கருவிகள் வழங்கப்பட்டன. 2020 செப்டம்பரிலிருந்து அங்குள்ள அரச இடைநிலைப் பாடசாலைகளில் நெஞ்சழுத்த முதலுதவி கட்டாயப் பாடமானது. 2021 ஜூன் 12, கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தபோது, மைதானத்திலேயே அவருடைய உயிர் மீட்கப்பட்டது. நெஞ்சில் கருவியோடு திரும்பி வந்து, 2024 யூரோ கிண்ணத்தில் கோலும் அடித்தார்.

அழுத்தும் முறையை ஒரு பின்னேரத்தில் பழகலாம். நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 சென்றிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. களைத்தால் அடுத்தவர் தொடர வேண்டும். அதற்குள் இன்னொருவர் 1990க்கு அழைக்க வேண்டும்.

அடுத்த சுற்றுப்போட்டிக்குக் கிண்ணமும் ஜேர்சியும் ஏற்பாடு செய்யும் நம்மூர்க் கழக நிர்வாகிகளிடம் ஒரு கேள்வி: உங்கள் அணியில் இதைப் பழகியவர்கள் எத்தனை பேர்? மைதானத்தின் வாசலில், அம்பியூலன்ஸ் வரும் வழியில், மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தப்படுவதில்லைதானே?