உலாவும் காவலும்

'பிரவுசர்' என்பதற்குத் தமிழில் 'உலாவி' என்று பெயர் வைத்தவர்கள், அறிந்தோ அறியாமலோ, ஒரு பழைய இலக்கிய வகையின் நிழலை அதன்மேல் விழச் செய்துவிட்டார்கள். உலா தமிழ்ச் சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்று. பாட்டுடைத் தலைவன் வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரையிலான ஏழு பருவ மகளிரும் அவனைக் கண்டு மயங்குவர். சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கயிலாய ஞானவுலா இவ்வகையில் முதலாவது என்பதால் ஆதியுலா எனப்படுகிறது. பின்னர் வந்த ஒட்டக்கூத்தர் சோழ மன்னர் மூவர்மீது மூவருலா பாடினார். இந்நூல்களின் அமைப்பை நினைவுகூர்ந்தால் ஒன்று விளங்கும். உலாப் போகிறவன் பார்ப்பதற்காகப் போவதில்லை, பார்க்கப்படுவதற்காகவே போகிறான்.

இணையத்தில் உலாவத் தொடங்கிய காலத்தில் நாம் நேர்மாறாகவே நம்பினோம். நாம்தான் உலகத்தைப் பார்க்கிறோம், நம்மை யாரும் பார்ப்பதில்லை என்று. அந்த நம்பிக்கை குலைந்த கதைதான் உலாவிகளை மாற்றிய கதை. உலகெங்கும் நடந்த இந்த மாற்றம் தமிழ் வாசகர்களுக்கு மட்டும் ஏன் கூடுதலாகக் கடினமாக இருந்தது என்பதைத் தாம்பரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் முன்வைத்துச் சொல்லிப் பார்க்கலாம்.

*

2000களின் முதற்பாதியில் தாம்பரம் ரயில் நிலையத்தின் கிழக்கிலும் மேற்கிலும், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஊர்களிலெல்லாம், 'பிரவுசிங் சென்டர்' என்ற பலகை தொங்காத தெருவைக் காண்பது அரிது. மரத்தடுப்புகளுக்கு இடையே நான்கைந்து கணினிகள், மணிக்கணக்கில் கட்டணம். தேர்வு முடிவு பார்க்க வரும் கிறித்துவக் கல்லூரி மாணவர்கள், வேலைக்கு விண்ணப்பம் அனுப்பும் மெப்ஸ் தொழிலாளர்கள், அயல்நாட்டில் இருக்கும் பிள்ளைகளின் முகத்தை வெப்கேமில் பார்க்க வரும் ஓய்வுபெற்ற பெற்றோர் என்று எல்லோரும் அமர்ந்தது ஒரே நாற்காலியில். எல்லோரும் சொடுக்கியது திரையில் இருந்த அந்த நீல நிற 'ஈ' படத்தை. பலருக்கு இன்டர்நெட் என்றாலே அதுதான்.

அந்த 'ஈ', மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர். 2001 ஆகஸ்டில் அதன் ஆறாம் பதிப்பு வந்தது. ஏழாம் பதிப்பு வந்தது 2006 அக்டோபரில். போட்டியாளரான நெட்ஸ்கேப் வீழ்ந்த பிறகு, உலகில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பயன்படுத்திய ஓர் உலாவிக்கு ஐந்தாண்டுகள் புதிய பதிப்பு இல்லை. எதிரி இல்லாத கோட்டையின் மதிலை யாரும் செப்பனிடுவதில்லை.

தமிழ் வாசகர் அக்கோட்டைக்குள் இருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அது எழுத்து. அன்றைய தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியேற்றத்தில் இயங்கின. டிஸ்கி ஒரு பக்கம். 1999-ல் தமிழக அரசு தரமாக ஏற்ற டாம், டாப் மறுபக்கம். இவற்றில் எதிலும் சேராத பத்திரிகைகளின் சொந்த எழுத்துருக்கள் இன்னொரு பக்கம். வாசகர் எழுத்துருவை இறக்கி நிறுவாமலே படிக்கட்டும் என்று 'இயங்கு எழுத்துரு' என்றொரு வழியைப் பல தளங்கள் கைக்கொண்டன. பக்கத்தோடு எழுத்துருவும் தானே இறங்கிவிடும். ஆனால் அவற்றில் பரவலாகப் பயன்பட்ட மைக்ரோசாஃப்டின் வடிவம் எக்ஸ்புளோரரில் மட்டுமே வேலை செய்தது. அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி உருவாக்கிய தேனீ எழுத்துரு, விண்டோஸ் 98 கணினியிலும் ஒருங்குறித் தமிழைப் படிக்க வழி செய்தது இம்முறையில்தான். 2006-ல் மறைந்த அவருக்குத் தமிழிணையம் பட்டிருக்கும் கடன் பெரிது. எனினும் அந்த நற்பணியும் எக்ஸ்புளோரரின் வாசல் வழியாகவே நம்மை வந்தடைய வேண்டியிருந்தது.

*

2004 ஜூன் மாதம் ஒரு திருப்பம். மைக்ரோசாஃப்டின் வழங்கிக் கணினிகளில் இயங்கிய பல நம்பகமான வணிகத் தளங்களுக்குள் யாரோ புகுந்து, அவற்றின் பக்கங்களில் ஒரு சிறு நிரல்துண்டை ஒட்டிவிட்டார்கள். அத்தளங்களுக்கு எக்ஸ்புளோரரில் சென்றாலே போதும். எதையும் சொடுக்க வேண்டாம், எதற்கும் சம்மதம் தர வேண்டாம். விசைப்பலகையில் தட்டுவதைக் கவனித்து அனுப்பும் ஒற்றன் கணினிக்குள் குடியேறிவிடுவான். டவுன்லோட்.ஜெக்ட் என்று அதற்குப் பெயர். அமெரிக்காவின் கணினி அவசரநிலைக் குழுவான யு.எஸ். செர்ட் அப்போது தந்த பாதுகாப்பு வழிகளுள் ஒன்று, வேறு உலாவியைப் பயன்படுத்தலாம் என்பது. ஓர் அரசமைப்பு அவ்வளவு வெளிப்படையாகச் சொன்னது பலரைத் திடுக்கிட வைத்தது.

'மோசமான தளங்களுக்குப் போகாதே' என்ற பழைய அறிவுரை அன்றோடு செல்லாக்காசாயிற்று. நல்ல தளமும் கெடுக்கப்படலாம்; கெடுப்பவன் உள்ளே வரும் கதவு நம் உலாவியே. வீட்டுக் கணினியில் இதன் இழப்பு ஒரு குடும்பத்தோடு நிற்கும். தாம்பரத்தின் பொதுக்கணினியிலோ காலையில் ஒருவர் உலாவியதன் விளைவை மாலையில் வங்கிக் கணக்கைத் திறக்கும் இன்னொருவர் அனுபவிக்க நேரும். போதாக்குறைக்கு, அன்றைய கணினிகளில் பெரும்பாலானவை நிர்வாகி உரிமையோடே இயங்கியவை. உள்ளே நுழைந்தவனுக்கு எல்லா அறைகளின் சாவியும் கிடைத்துவிடும்.

2004 நவம்பர் 9-ல் ஃபயர்பாக்ஸின் முதற்பதிப்பு வெளிவந்தது. நம்மவர்கள் அதற்கு 'நெருப்புநரி' என்று செல்லப்பெயர் சூட்டினார்கள். ஆக்டிவ்எக்ஸ் என்ற ஓட்டை மிகுந்த வசதி அதில் இல்லை. துள்ளி எழும் விளம்பரச் சாளரங்களை அது தடுத்தது. மூலநிரல் திறந்திருந்தது.

ஆனால் நெருப்புநரியைத் திறந்து ஒரு தமிழ்ப் பக்கத்துக்குப் போனால் எழுத்து உடைந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளைத் தனியே நிறுவ வேண்டும். எக்ஸ்புளோரருக்கு அது தேவைப்படவில்லை. எழுத்துகளைக் கோக்கும் வேலையைத் தன் கைச்சரக்கைக் கொண்டே அது செய்துகொண்டது. நெருப்புநரி இயங்குதளத்தை எதிர்பார்த்தது. கோப்புகள் இல்லாத கணினியில் 'கொடி' என்று படிக்க வேண்டிய இடத்தில் ககரத்துக்குப் பின்னால் கொம்பும் காலும் ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும். சரிசெய்ய விண்டோஸ் குறுந்தகடு வேண்டும். மணிக்கணக்கில் வாடகை கொடுப்பவர் அதற்கு எங்கே போவார்? கோப்புகளை நிறுவிய பிறகும் ஒரு தொல்லை மிச்சமிருந்தது. இருபுறமும் விளிம்பு சீராக்கப்பட்ட பத்திகளில் நெருப்புநரி உயிர்மெய்யைப் பிரித்துப் போட்டது. 2008 ஜூனில் மூன்றாம் பதிப்பு வந்த பிறகே அக்குறை தீர்ந்தது.

இந்த மூன்றரை ஆண்டுகள்தாம் நம் கதையின் மையம். ஆங்கில வாசகர் பாதுகாப்பு வேண்டுமென்றால் உலாவியை மாற்றிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். தமிழ் வாசகருக்கோ ஒரு பக்கம் காவல், மறுபக்கம் எழுத்து. எழுத்தைத் தேர்ந்தால் ஓட்டைக் கோட்டை. காவலைத் தேர்ந்தால் உடைந்த தமிழ். ஆர்வலர்கள் இரண்டையும் சேர்க்கப் பாடுபட்டார்கள். நெருப்புநரிக்குள்ளேயே தட்டச்சு செய்யத் தமிழ்விசை என்ற நீட்சி வந்தது. பத்திரிகைகளின் தனிக்குறியேற்றத்தை ஒருங்குறிக்கு மாற்றிக் காட்டும் பத்மா என்ற நீட்சி தெலுங்குக்காகத் தொடங்கித் தமிழுக்கும் கைகொடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதுவோர் ஒவ்வொருவராக ஒருங்குறிக்கு மாறினார்கள். தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010 ஜூனில். எந்த உலாவியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரியும் என்ற நிலை வந்தபோதுதான், உலாவியை மாற்றும் சுதந்திரம் உண்மையில் நம் கைக்கு வந்தது.

*

அச்சுதந்திரத்தின் அருமையை 2010 ஜனவரி காட்டியது. கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களுக்குள் புக எக்ஸ்புளோரரின் ஓட்டையொன்று பயன்பட்டது தெரியவந்ததும், ஜெர்மனி, பிரான்சு நாடுகளின் பாதுகாப்பு அமைப்புகள் தற்காலிகமாக வேறு உலாவிக்கு மாறுமாறு தம் மக்களுக்கு அறிவுறுத்தின. இங்கே காவல் வேறு வடிவம் எடுத்தது. 2011 ஏப்ரலில் நடுவண் அரசு அறிவித்த விதிகள், இணைய மையத்துக்கு வருவோரின் அடையாளச் சான்றைப் பார்க்கவும், வருகைப் பதிவேட்டை ஓராண்டுக்குக் குறையாமல் வைத்திருக்கவும் பணித்தன. அங்கே உலாவியைச் சந்தேகித்தார்கள், இங்கே உலாவுபவரை.

இங்கே கருவியைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் இல்லாமலில்லை. குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் இணைந்து 2005-ல் கட்டற்ற திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அம்முயற்சியின் வழியே, 2007-ல் பாஸ் லினக்ஸ் வெளிவந்தது. 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது, தமிழக அரசு தன் துறைகளை மாறச் சொன்னது இந்த பாஸ் லினக்ஸுக்குத்தான். எக்ஸ்பியில் எக்ஸ்புளோரர் எட்டாம் பதிப்போடு நின்றுவிட்டது. நெருப்புநரியோ எக்ஸ்பிக்கு 2018 வரை ஒட்டுப்போட்டுக் கொடுத்தது. புதுக்கணினி வாங்க இயலாத புறநகர் வீடுகளுக்கு உலாவி மாற்றமே மலிவான மதிலாயிற்று.

அதே 2014-ல் இன்னொரு பாடம். உலாவியில் தெரியும் பூட்டுக்குறி, 'இத்தளம் போலியன்று' என்று ஒரு சான்றளிப்பவர் தரும் உறுதி. அந்தச் சான்றளிப்பவரை நம்பலாமா என்று நமக்காக முடிவு செய்வது உலாவியோ இயங்குதளமோ. இந்தியாவில் சான்றளிப்போரைக் கட்டுப்படுத்தும் அமைப்பு சி.சி.ஏ. அதன்கீழ் இருந்த தேசியத் தகவலியல் மையமான என்.ஐ.சி.யின் சான்றிதழ்கள் சில, கூகுள் தளங்களின் பெயரில் முறைகேடாக வழங்கப்பட்டிருந்தது 2014 ஜூலையில் வெளிச்சத்துக்கு வந்தது. வழங்கும் முறைக்குள் அயலார் ஊடுருவியதாக விளக்கம் தரப்பட்டது. சி.சி.ஏ.யின் மூலச்சான்றை மைக்ரோசாஃப்ட் ஏற்றிருந்ததால் விண்டோஸில் எக்ஸ்புளோரர் அவற்றை நம்பும் நிலை இருந்தது. தனக்கென நம்பிக்கைப் பட்டியல் வைத்திருந்த நெருப்புநரியில் அச்சான்று இல்லை. ஆகவே பாதிப்பும் இல்லை. உலாவியை மாற்றுவது என்றால் யாருடைய நம்பிக்கைப் பட்டியலை நம்முடையதாக ஏற்கிறோம் என்று முடிவு செய்வதும்தான்.

*

கதை சுற்றிக்கொண்டு தென்சென்னைப் புறநகருக்கே திரும்புகிறது. தாம்பரத்துக்குத் தெற்கே கூடுவாஞ்சேரி அருகில் பெரிய வளாகம் கொண்டிருக்கும் ஜோஹோ நிறுவனம் 2023 மே மாதத்தில் ஓர் உலாவியை வெளியிட்டது. அதன் பெயர் 'உலா'. விளம்பர நிறுவனங்கள் பயனரைப் பின்தொடர்வதைத் தடுப்பதே அதன் முதல் வாக்குறுதி. அதே ஆண்டு ஆகஸ்டில் நடுவண் அரசு இந்திய உலாவிக்கான போட்டியொன்றை அறிவித்தது. சி.சி.ஏ.யின் மூலச்சான்றை ஏற்கும் உலாவி வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. 2025 மார்ச்சில் உலா முதற்பரிசாக 1 கோடி ரூபாய் பெற்றது.

பெருமைப்படலாம், கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். உலாவின் அடித்தளம் கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம். 2020 முதல் மைக்ரோசாஃப்டின் எட்ஜும் அதே அடித்தளத்தில்தான் நிற்கிறது. 2022 ஜூன் 15-ல் எக்ஸ்புளோரர் ஓய்வு பெற்றுவிட்டது; ஆனால் உலகின் பெரும்பாலான உலாவிகள் ஒரே அடித்தளத்தின்மேல் நிற்கும் நிலை வேறு பெயரில் மீண்டிருக்கிறது. அந்த அடித்தளத்தில் ஓட்டை கண்டால் அதன்மேல் நிற்கும் எல்லோரும் ஒட்டுப்போட்டாக வேண்டும்.

எந்த உலாவி நிரந்தரமாகப் பாதுகாப்பானது என்ற கேள்விக்கு இந்த வரலாறு பதில் தரவில்லை. நேற்றைய காவலன் நாளை அசட்டையாகலாம். வேண்டும்போது மாற முடிகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அன்று தமிழ் வாசகரைக் கட்டிப்போட்டது எழுத்துரு. அதை அவிழ்த்தது எல்லோருக்கும் பொதுவான ஒரு குறியேற்றம். இன்றும் ஒரே உலாவியில் மட்டும் இயங்கும் ஒரு வங்கிப் பக்கத்தையோ அரசுப் படிவத்தையோ காணும்போது, அந்தப் பழைய கயிறு மீண்டும் முறுக்கப்படுகிறது என்று அறிந்து குரல் கொடுப்பது நம் கடமை. பார்க்கப்படுவதற்காக உலாப் போனவர்கள் மன்னர்கள். அவர்கள் போகும் வீதியை அவர்களே தேர்ந்தார்கள். நமக்கும் அந்தத் தேர்வு வேண்டும்.