பச்சைச் சுவரும் பூசணமும்

சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1775-ஆம் ஆண்டில் செம்பையும் பாஷாணத்தையும் சேர்த்து ஆக்கிய பச்சை வர்ணமும், 1814-இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் உருவாகி அதனை ஒளியில் விஞ்சிய மற்றொரு பச்சையும், அடுத்த அரை நூற்றாண்டுக்குள் ஐரோப்பிய இல்லங்களின் சுவர்களை ஏறக்குறைய ஆட்கொண்டன. இங்கிலாந்தில் சுவர்த்தாளுக்கு இருந்த வரி 1836-இல் நீக்கப்பட்டதும் விலை இறங்கிற்று. செல்வர் மாளிகைகளில் மட்டும் கண்ட இலையும் கொடியும் தொழிலாளர் குடியிருப்புகளின் ஒற்றை அறைகளிலும் படர்ந்தன. தாளை ஒட்டியது கோதுமை மாவைக் காய்ச்சிய பசை. மண்ணின் ஓதம் செங்கல் வழியே மேலேறுவதும், குளிருக்கு அஞ்சி அடைத்த சாளரங்களுக்குள் சமையலின் ஆவியும் உறங்குவோரின் மூச்சும் சுவரிலேயே படிவதுமாக இருந்த அவ்வறைகளில், தாளுக்குப் பின்னால் பூசணம் வளர வேறென்ன வேண்டும்?

இரண்டும் கூடினால் விபரீதம் விளையும் என்பதை முதலில் உணர்ந்தவர்களுள் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்து லியோபோல்ட் க்மெலின் முதன்மையானவர். பச்சைத்தாள் ஒட்டிய ஈர அறைகளில் சுண்டெலி நாற்றம் போன்ற ஒரு வாடை வீசுவதைக் கவனித்த அவர், தாளிலிருந்து பாஷாணம் கலந்த ஆவி எழுகிறதெனக் கருதி, அதனைக் கிழித்தெறியுமாறு 1839-இல் பத்திரிகை வாயிலாக மக்களை எச்சரித்தார். கேட்டவர் சிலரே.

1862-இல் லண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் ஓர் எளிய குடும்பத்தின் நான்கு குழந்தைகள், ஒருவர்பின் ஒருவராக, தொண்டை அடைப்பான் என்று முதலில் கருதப்பட்ட நோயால் மாண்டனர். தொற்றுநோயாயின் அண்டை வீடுகளுக்கும் பரவியிருக்க வேண்டுமே என்று ஐயுற்ற மருத்துவர், சாக்கடையையும் குடிநீரையும் ஆராய்ந்து அவற்றில் குறையொன்றும் காணாமல், இறுதியில் படுக்கையறையின் பச்சைச் சுவரை நோக்கினார். பெற்ற பிள்ளைகள் யாவரையும் பறிகொடுத்த ஒரு தாயின் நிலையை எண்ணுகையில், அதன் பின்னரும் அவ்வர்ணம் கடைகளில் தடையின்றி விற்பனையானது பொறுக்கவொண்ணாததாகத் தோன்றுகிறது. சுவர்த்தாள்களை வடிவமைத்த கலைஞர் வில்லியம் மாரிஸ் நாம் மதித்துப் போற்றுபவர். எனினும் அவருடைய குடும்பத்தின் செல்வம், செம்பு குறைந்தபின் பாஷாணத்தைப் பெருவாரியாக விற்ற டெவன் கிரேட் கன்சால்ஸ் சுரங்கத்திலிருந்து வந்ததென்பதும், 1885-இலும் அவர் மருத்துவர்களின் அச்சத்தை வீண் பீதியென்றே கடிதத்தில் ஒதுக்கினாரென்பதும் மறைக்கக்கூடியவை அல்ல. பிரிட்டனில் இவ்வர்ணத்தைத் தடுக்கச் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை; மக்கள் அஞ்சி வாங்க மறுத்தமையால்தான் உற்பத்தியாளர் மனம் மாறினர்.

க்மெலின் ஐயுற்ற அந்த ஆவியின் மூலத்தைத் துலக்கியவர் இத்தாலியரான பார்த்தலோமியோ கோசியோ. 1890-களில் அவர் உருளைக்கிழங்கு மசியலில் பாஷாணத்தைக் கலந்து பூசணம் படரவிட்டார். சில வகைப் பூசணங்கள் வளர்ந்ததும் வெள்ளைப்பூண்டின் நெடி எழுந்தது. அந்நெடி எத்துணை நுட்பமான அடையாளமெனில், பின்னர் சந்தேகத்துக்குரிய பொருளைப் பூசணம் வளர்த்த ரொட்டித் துண்டில் இட்டு, முகர்ந்தே பாஷாணத்தைக் கண்டறியும் ஒரு பரிசோதனைமுறை உருவாயிற்று. 1930-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஃபாரஸ்ட் ஆஃப் டீன் வட்டாரத்தில், காரையில் பாஷாணம் கலந்திருந்த ஈரவீட்டில் இரு குழந்தைகள் இறந்தன. அதே காலத்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிரெடெரிக் சாலஞ்சர் அவ்வாயு டிரைமெத்தில் ஆர்சைன் என்று நிறுவினார்.

இவ்வரலாற்றில் என் மனத்தை மிகவும் உறுத்துவது வேறொன்று. வர்ணத்தின்மேல் பழி முழுவதும் விழுந்ததால், ஓதம் தப்பித்துக்கொண்டது. அவ்வாயு அஞ்சியவண்ணம் கொடிய நஞ்சல்ல என்று 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு வாதித்தது. உதிர்ந்த வர்ணத்தூளும் பூசணமுமே லைம்ஹவுஸ் குழந்தைகளை வருத்தியிருக்கலாம் அல்லவா? பச்சைத்தாள் மறைந்த பின்னரும் ஈரச்சுவர்கள் எஞ்சின. அவற்றினருகே உறங்கிய குழந்தைகளின் குறுகிய மூச்சுக்குழல்களில் பூசண வித்துகள் புகுந்துகொண்டேயிருந்தன. வீட்டு ஈரத்துக்கும் பூசணத்துக்கும் ஆஸ்துமா, இளைப்பு, சுவாசத் தொற்று ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பை உலக சுகாதார நிறுவனம் 2009-இல் தொகுத்து வெளியிட்டபோது, பூசணம் இவ்வளவு வரை தீங்கில்லை என ஓர் எல்லையை வகுக்க இயலாதென்றும், ஓதத்தைத் தடுத்துப் படர்ந்ததை அகற்றுவதே செய்யத்தக்கதென்றும் அறிவித்தது.